நறுக்கிய பதினேழு முனைகள்

போன மாதம் உங்களில் ஒருவர் திருநகரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். லிப்ட் கயிறு பார்க்கும் வேலைக்குப் புதிது. கையில் நோட்டு, சட்டைப் பையில் பேனா. உட்கார்ந்து தண்ணீர் குடித்த கையோடு, ஒரு கம்பிக் கயிற்றில் எத்தனை கம்பி அறுந்திருந்தால் கயிற்றை மாற்ற வேண்டும் என்று கேட்டார். நான் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார் போல. அதுதான் புத்தகத்திலேயே இருக்கிறதே தம்பி, இதற்கு என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். பாவம், முகம் வாடிப்போயிற்று. காபி கொடுத்து அனுப்பிய பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். அவர் கண்ணிலும் படும் என்று நம்புகிறேன்.

எண்ணத் தெரியாமல் நான் தப்பு செய்யவில்லை. சரியாக எண்ணினேன், சரியாகக் கூட்டினேன், நல்ல கையெழுத்தில் எழுதியும் வைத்தேன். அப்படி எழுதி வைத்த எண்ணை நம்பி நாலு பேரைக் கொல்ல இருந்தேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவனியாபுரம் போகிற வழியில் அப்போது ஒரு சின்ன நூல் மில் இருந்தது. பெயர் வேண்டாம். கீழே பஞ்சுக் கிட்டங்கி, மேலே மூன்று மாடியிலும் நூற்கிற மெஷின்கள். பஞ்சும் சாமான்களும் மேலே போவதற்கு ஒரு சரக்கு லிப்ட் வைத்திருந்தார்கள். லிப்ட் என்றதும் பொத்தானும் கண்ணாடியும் உங்கள் நினைவுக்கு வரும். அதெல்லாம் கிடையாது. ஒரு இரும்புக் கூண்டு. அதன் தலையில் கட்டிய கம்பிக் கயிறு நேரே கூரைக்கு ஏறும். அங்கே ஒரு பெரிய கப்பியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் தரைக்கு இறங்கும். தரையில் ஒரு விஞ்ச். விஞ்ச் கயிற்றைச் சுருட்டினால் கூண்டு ஏறும், விட்டால் இறங்கும்.

அந்த லிப்டுக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டபோது எனக்கு இருபத்தேழு வயது. மேஸ்திரி என்று யாராவது கூப்பிட்டால் முதல் தடவை காது கேட்காத மாதிரி நடந்துகொள்வேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. அம்புட்டுப் பெருமை. விஞ்சை ஓட்டியவன் சோணை. எனக்குத் தூரத்து உறவு, ஒரே வயது, என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். சரக்கு ஏற்றி இறக்க நாலு ஆட்கள். அவர்களுக்குத் தலைமை விருமாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்து சம்சாரி, மழை ஏமாற்றிய வருஷம் மில்லுக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் மேஸ்திரி மேஸ்திரி என்று மரியாதையாகத்தான் பேசுவார்.

விருமாண்டியின் சம்சாரம் இருளாயிக்கும் அதே மில்லில்தான் வேலை. கீழே சிந்துகிற பஞ்சைப் பொறுக்கித் தூசி தட்டிக் கூடையில் சேர்க்க வேண்டும். விஞ்சுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கும். அங்கே சுவரில் ஒரு மீனாட்சி படம். தினமும் வேலை தொடங்கும் முன்னால் அதற்கு ஒரு சின்ன விளக்கு ஏற்றி வைப்பதும் இருளாயிதான். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

இனி கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கயிற்றில் ஆறு புரி. ஒவ்வொரு புரியிலும் பத்தொன்பது மெல்லிய கம்பி. ஆறும் நடுவில் இருக்கிற சணலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடக்கும். கப்பியில் வளைந்து வளைந்து நிமிர்வதில் நாளாவட்டத்தில் ஒவ்வொரு கம்பியாக அறும். அறுந்த முனை ஊசி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். யுத்தத்தால் புதுக் கயிறு கிடைக்கவில்லை. கயிற்றுக்குப் போடும் கிரீஸ்கூடக் கிடைக்காமல் மாதக்கணக்கில் காய விட்டிருந்தோம். கயிறு காய்ந்து கரகரவென்று இருந்தது.

சாதாரணச் சரக்கு என்றால் மூன்று பேர் கூண்டில் ஏறிக்கொள்வார்கள். விருமாண்டி கீழே நின்று, கயிறு விஞ்சில் ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளும்படி கையால் தள்ளிவிடுவார். கனமான சரக்கு என்றால் அதைப் பிடித்துக்கொள்ள நாலு பேருமே ஏறுவார்கள். ஆள் ஏறக்கூடாது என்று கூண்டில் ஒரு போர்டு தொங்கியது. வெற்றிலை போட்ட பிறகு விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைத் துடைக்க அது வசதியாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனை ஒன்று விருமாண்டியின் வலது உள்ளங்கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழித்துவிட்டது. மறுநாள் மத்தியானம் இருளாயி அவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தது. அம்புட்டுப் பெரிய மீசையை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் வாயைத் திறந்து திறந்து வாங்கினார். மில்லே கூடி நின்று கேலி செய்தது. மாப்பிள்ளைக்கு மறுவீட்டு விருந்தா என்று சோணை கேட்டான். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு இறங்கவில்லை. என் பொறுப்பில் உள்ள கயிறு கிழித்த கை அது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து எண்ணெய் போடுவது வழக்கம். இந்த வருஷம் கயிற்றையும் புதுசு மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன். கூண்டுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, கயிற்றை முழுக்க இறக்கி முற்றத்தில் வளையம் வளையமாகப் போட்டோம். விருமாண்டிக்குக் கையில் கட்டு, அதனால் சோணையும் மற்ற மூன்று பேரும். நாலு பேர், நாலு குறடு. ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு, நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு முனையையும் ஒட்ட நறுக்கச் சொன்னேன். எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். ஒருவன் நாலு என்றான், ஒருவன் மூன்று, சோணை ஒன்பது, இன்னொருவன் ஒன்று. பதினேழு என்று கூட்டி எழுதிக்கொண்டேன்.

பதினேழு எனக்குப் பயம் தரவில்லை. கயிறு செய்த கம்பெனியின் தாள் ஒன்று எங்களிடம் இருந்தது. கயிற்றில் ஒரு புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவதற்கு ஒரு நீளம் ஆகும் அல்லவா, கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம், அந்த நீளத்துக்குள் மொத்தக் கம்பியில் பத்தில் ஒரு பங்கு அறுந்திருந்தால் மாற்று என்று அந்தத் தாள் சொன்னது. எங்கள் கயிற்றுக்கு அது பதினொன்று. நூற்றுச் சொச்சம் அடி நீளத்தில் பதினேழு எங்கே, ஓர் உள்ளங்கைக்குள் பதினொன்று எங்கே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை, பதினேழும் சிதறிக் கிடந்திருந்தால்.

எங்கேயோ அலைந்து வாங்கிவந்த கிரீஸை விளக்கெண்ணெயில் குழைத்துக் கயிறு முழுக்கத் தேய்த்தோம். கறுப்பாக மினுமினுத்தது. மறுபடி மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வெறும் கூண்டை ஒரு தடவை ஏற்றி இறக்கினோம். விருமாண்டி கட்டுப்போட்ட கையோடு வந்து இடது கையால் கயிற்றைத் தடவிப் பார்த்தார். மழுமழுவென்று இருக்கு மேஸ்திரி, கன்னுக்குட்டியத் தொட்ட மாதிரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூஜை நன்றாக நடந்தது. சோழவந்தான் வெற்றிலையும் பொரி கடலையும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, விஜயதசமி. அன்றைக்கு ஏற்றுகிற முதல் சரக்கு நல்லபடியாக ஏறிவிட்டால் வருஷம் முழுவதும் வேலை தடைப்படாது என்பது மில்லில் எல்லாருக்கும் நம்பிக்கை. முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர்வரை அதில் வித்தியாசம் கிடையாது. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் சரக்கு மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அந்த வருஷம் முதல் சரக்கு லேசுப்பட்டது இல்லை. மேல் மாடியில் மெஷின்களை ஓட்டும் பெரிய இரும்புச் சக்கரம் விரிசல் விட்டு, வார்ப்படப் பட்டறைக்குப் போய்ப் புதிதாக வார்த்து வந்திருந்தது. ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அது இல்லாமல் மேல் மாடி மூன்று வாரமாக நின்று கிடந்தது. மேல் மாடி ஆட்கள் நூறு பேருக்குமேல் காலையிலேயே வந்து முற்றத்தில் நின்றார்கள். சக்கரத்துக்கு மாலை போட்டிருந்தது. மானேஜர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். எங்கள் இன்ஜினியரும் வந்திருந்தார். மேலமாசி வீதிக்காரர், அதிகம் பேசமாட்டார், பேசினால் ஒரு தடவைதான் பேசுவார்.

சரியாக ஆறரைக்குச் சோணை வெறும் கூண்டை மேல் மாடிவரை கொண்டுபோய் இறக்கினான். பிறகு சக்கரத்தை உருட்டிக் கூண்டில் ஏற்றினார்கள். விருமாண்டியும் மற்ற மூன்று பேரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஏறிச் சக்கரத்தைச் சுற்றி நின்றார்கள். விருமாண்டி கைக்கட்டை அவிழ்த்திருந்தார், காயம் ஓரளவு காய்ந்திருந்தது. நான் விஞ்சுப் பக்கம் வந்தேன். இருளாயி விளக்குக்குத் திரி போடத் தன் சேலைத் தலைப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. மில் நிறையப் பஞ்சு கிடக்க, சேலையைக் கிழிக்கிறாயே, இது என்ன சிக்கனம் என்று கேலியாகக் கேட்டேன்.

கிட்டங்கிப் பஞ்சை எடுத்தால் கேட்டில் சோதனை போடும்போது திருட்டு என்பார்கள். அதனால் இருளாயி விளக்குக்கென்று அதைத் தொட்டதே இல்லையாம். மில் காற்றில் பஞ்சுத் தூசி எப்போதும் பறந்துகொண்டிருக்கும். கயிற்றில் நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் அது சிக்கிக்கொள்ளும். அந்தப் பஞ்சைப் பிய்த்துத்தான் இத்தனை நாளும் திரி போட்டிருக்கிறது. கயிறு தருகிற பஞ்சு, அதைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, இருளாயி என்னைக் குறை சொல்வது போல இதையும் சொன்னது:

"தெனம் இந்தா இந்த எடத்துல ஒரு பிடி நிக்கும் மேஸ்திரி. கூண்டு மேல் மாடியில போயி நிக்கையில கயிறு சரியா என் கைக்கிட்ட வந்துரும். எந்திரிக்கக்கூட வேண்டாம். நீங்க செரைச்சு விட்டுட்டீக, இப்ப ஒத்த இழை இல்ல."

"எம்புட்டு எடத்துல நிக்கும்?" என்று கேட்டேன்.

இருளாயி கையை விரித்துக் காட்டியது. "இந்தா, என் உள்ளங்கை அம்புட்டுதான்."

"மத்த எடத்துல?"

"அங்கன ஒன்னு இங்கன ஒன்னு. அது திரிக்கு ஆகுமா?"

விஞ்சில் கை வைத்து நின்றுகொண்டிருந்த சோணையிடம் போய், முந்தாநாள் நீ நறுக்கிய ஒன்பதும் எங்கெங்கே இருந்தன என்று மெதுவாகக் கேட்டேன். ஒரே இடத்தில்தான், நகராமல் உட்கார்ந்தபடியே நறுக்கி முடித்துவிட்டேன் என்றான். அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன்.

"நீ எத்தனைன்னுதான மாப்ள கேட்ட" என்றான்.

தம்பிகளே, அவன் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. நான் எத்தனை என்றுதான் கேட்டேன்.

ஒரே இடத்தில் ஒன்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு கம்பி ஓர் இடத்தில் அறுந்தால் அது கயிறு முழுக்கச் செத்துப்போவதில்லை. பக்கத்துக் கம்பிகள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் கொஞ்ச தூரம் தள்ளிப் போனதும் அது மறுபடி தன் பங்குப் பளுவைத் தாங்கும். அதனால் சிதறி அறுந்த பதினேழு கயிற்றை ஒன்றும் செய்யாது. ஒரே இடத்தில் அறுந்தால் கதை வேறு. அங்கே மிச்சமிருக்கிற கம்பிகள் அத்தனை பளுவையும் தாங்க வேண்டும். அதில் அவையும் களைத்து அறும். நீளமான பந்தலில் அங்கங்கே ஒரு கால் இல்லாவிட்டாலும் பந்தல் நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் நாலு கால் போனால் நிற்காது.

ஏன் அந்த ஓர் இடம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கூண்டு தரையில் நிற்கும்போதுதான் கனத்த சரக்கை ஏற்றுகிறோம். விஞ்ச் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும்போது, கூரைக் கப்பியின் மேல் வளைந்து கிடப்பது எப்போதும் அதே உள்ளங்கை அகலம்தான். அந்த இடம்தான் கூண்டு மேல் மாடிக்குப் போனதும் இருளாயியின் கைப்பக்கம் இறங்கி வருகிறது. அந்த நிமிஷத்தில் அது கூரையில், கப்பியின் மேல், நாலு பேரையும் ஒரு சக்கரத்தையும் தூக்கக் காத்துக்கொண்டிருந்தது.

ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்றால், பார்க்க என்ன இருக்கிறது? முனைகளை ஒட்ட நறுக்கியவன் நான். மேலே கறுப்பாகப் பூசியவனும் நான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சும்மா இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது பதினொன்றைவிடக் குறைவுதானே. தாளின்படி கயிறு இன்னும் நல்ல கயிறு. நூறு பேர் நிற்கிறார்கள், சூடம் ஏற்றியாகிவிட்டது, விஜயதசமி அன்றைக்கு முதல் சரக்கை நிறுத்திய தரித்திரம் பிடித்தவன் என்ற பெயர் சாகும்வரை போகாது. அதற்கும் மேலே, ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்டால் என் வாயாலேயே என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் வந்துபோயிற்று. கூண்டுக்குள்ளிருந்து விருமாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். போலாமா மேஸ்திரி என்று கையைக் காட்டினார், அந்த வலது கையை. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சோணையைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு இன்ஜினியரிடம் போனேன். கயிற்றைப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம் என்றேன்.

"பதினேழுன்னு நீதானே எழுதியிருக்கே? பதினேழு அதிகமில்லையே" என்றார்.

"அதிகமில்லீங்கய்யா. ஆனா அதுல ஒன்பது ஒரே எடத்துல இருக்கு. இப்பத்தான் தெரிஞ்சது."

"ஒன்பதுன்னாலும் தாளில் இடம் இருக்கே."

"வெளிய தெரிஞ்சது ஒன்பது. உள்ள எத்தனைன்னு தெரியாது. பாக்குறதுக்கு இருந்த அடையாளத்தையும் நானே நறுக்கிட்டேங்கய்யா."

மானேஜர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கிறது என்றார். இன்ஜினியர் அவர் பக்கம் திரும்பவில்லை. தாளை எழுதினவன் இந்தக் கயிற்றைப் பார்த்ததில்லை, நீ பார்த்திருக்கே, ஏத்தலாமா வேண்டாமா என்று என்னையே கேட்டார். வேண்டாம் என்றேன்.

கூண்டில் இருந்தவர்கள் இறங்க மறுத்தார்கள். நல்ல நாளில் ஏறின காலைக் கீழே வைக்க மாட்டோம், நாங்கள் பார்க்காத கயிறா என்றார் விருமாண்டி. கையைக் கூப்பிக் கேட்டேன். நகரவில்லை. கூட்டத்திலிருந்து, ஏத்துங்கய்யா என்று சத்தம் வர ஆரம்பித்தது. அப்போது இருளாயி விளக்கைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எழுந்து வந்தது. புருஷனைப் பார்த்து, "எறங்கு" என்றது. அதட்டக்கூட இல்லை. விருமாண்டி இறங்கினார், அவர் பின்னால் மூன்று பேரும் இறங்கினார்கள். நான் அரைமணி நேரம் கெஞ்சியிருந்தாலும் நடந்திருக்காது.

சக்கரத்தை வெளியே உருட்டிவிட்டு, ஒரு கூடைப் பஞ்சையும் தேங்காய்ப் பழத் தட்டையும் கூண்டில் வைத்து ஏற்றச் சொன்னார் இன்ஜினியர். இதுவும் முதல் சரக்குத்தான் என்றார். ஏழரைக்கு முன்பே அது மேல் மாடிக்குப் போய்விட்டது. மானேஜரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கூண்டு நின்றதும் அந்த இடம் இருளாயி சொன்னபடியே அதன் கைப்பக்கம் வந்து நின்றது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தேன். சவரம் செய்த மறுநாள் தாடி மாதிரி விரலில் குத்தியது. ஒன்பதும் அங்கேதான், அடுத்தடுத்த இரண்டு புரியில். கூர் ஆணியைச் செருகி முறுக்கைத் திறந்து பார்த்தேன். உள்ளே சணல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்பக்கத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, துருவேறி, எது அறுந்தது எது அறாதது என்று எண்ணவே முடியாமல் கிடந்தன. வெளியே முனை நீட்டியவை ஒன்பது. நீட்டாமல் செத்துக் கிடந்தவை அதைப்போல எத்தனை மடங்கோ.

அப்படியும் மில்லில் பாதிப் பேர் நம்பவில்லை. மேஸ்திரி பயந்தாங்கொள்ளி, கயிறு தாங்கியிருக்கும் என்று பேச்சு கிளம்பியது. அது இன்ஜினியர் காதுக்கும் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே அந்த இடம் நடுவில் வரும்படி கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, முற்றத்தில் ஒரு பெரிய மரச்சட்டத்தில் தொங்கவிட்டார். அதன் கீழே செயின் கப்பி மாட்டி அந்தச் சக்கரத்தைத் தூக்கச் சொன்னார். கூண்டின் எடைக்குச் சமமாக இரும்புத் துண்டுகளை அதன்மேல் கட்டினோம். நாலு பேர் எடைக்கு நாலு மணல் மூட்டை.

மூட்டைகளைக் கட்டியது அந்த நாலு பேரேதான். ஒரே சிரிப்பு. பூஜையில் மிச்சமிருந்த குங்குமத்தை எடுத்து ஆளுக்கொரு மூட்டைக்குப் பொட்டு வைத்தார்கள். இது நான், தொந்தி கொஞ்சம் கம்மியா இருக்கு, இன்னும் ரெண்டு கை மண்ணு போடு என்றார் விருமாண்டி.

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தூக்கினோம். கயிறு தாங்கியது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சக்கரமும் நாலு மூட்டையும் அசையாமல் தொங்கின. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. விருமாண்டி சிரித்துக்கொண்டே, நாங்க போயிருக்கலாம் போலயே மேஸ்திரி என்றார். எனக்கு அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அது தாங்கட்டும் என்றும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். தாங்கினால் நான் வெறும் பயந்தாங்கொள்ளி. அதோடு போய்விடும்.

விஞ்ச் கிளம்பும்போது கூண்டு குலுங்குமே, அந்த அளவுக்கு ஒரு நீள மூங்கிலால் தள்ளி ஆட்டச் சொன்னார் இன்ஜினியர். சோணை தள்ளினான். இரண்டு தடவை ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் பட் என்று ஒரு சத்தம், ஒரு புரி விட்டது. அடுத்த சத்தத்தை நான் தனியாகக் கேட்கவில்லை. கயிறு அறுந்து சக்கரம் தரையில் விழுந்தது. நாலு மூட்டையும் அதன் அடியிலும் பக்கத்திலும் விழுந்து கிழிந்து, மணல் முற்றம் முழுக்கச் சிதறியது.

யாரும் சிரிக்கவில்லை. விருமாண்டி மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் அழுதுவிட்டேன். மேஸ்திரி அழலாமா கூடாதா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. இருளாயி வந்து கிழிந்த மூட்டைகளைப் பார்த்தது. பிறகு என்னிடம் திரும்பி, "அவுக கைக்காகத்தான் செஞ்சீகன்னு எனக்குத் தெரியும் மேஸ்திரி. இனிமே கை கிழிஞ்சா கிழியட்டும்" என்றது. எத்தனையோ அதிகாரிகளிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த அளவுக்கு ஒன்றும் உள்ளே போனதில்லை.

மறுநாள் நல்ல பகுதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதே பளுவை ஏற்றினோம். அதற்கு மேலும் ஏற்றி, எவ்வளவோ ஆட்டியும் பார்த்தோம். அதில் ஒரு கம்பிகூட விடவில்லை. ஒரே கயிறு, ஒரே வயது. ஓர் உள்ளங்கை அகலம்தான் வித்தியாசம்.

இன்ஜினியர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பதினேழு என்று எழுதிய பக்கத்தை எடுத்து வைத்து, அதற்குக் கீழே நடந்ததை எல்லாம் என் கையாலேயே எழுத வைத்தார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான், அறுந்த முனையை நறுக்கும் முன் அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவது. விஞ்சிலிருந்து எத்தனை அடி, எந்தப் புரி என்று எழுதிய பிறகுதான் குறடை எடுப்பேன். முனைகளை அப்படியே விட்டுவைக்கச் சொல்லவில்லை. கை கிழியத்தான் செய்யும், இருளாயி சொன்னது கோபத்தில். நறுக்குங்கள், ஆனால் எழுதிவிட்டு நறுக்குங்கள். இன்னொன்று, கயிற்றுப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். உங்கள் தாளில் இல்லாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள். அது பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது.

சக்கரத்தை மூன்றாம் நாள் கட்டடத்துக்கு வெளியே கப்பி கட்டி, தேர் வடம் மாதிரிப் பெரிய கயிறு போட்டு, மில்லில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து இழுத்து மேலே ஏற்றினோம். புதுக் கம்பிக் கயிறு வர நாலு மாதம் ஆயிற்று. அது வந்த அன்றைக்கு இன்ஜினியரிடம் போய் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இனிமேல் கூண்டில் சரக்கு மட்டும்தான் ஏற வேண்டும், ஆள் படியில் ஏற வேண்டும். போர்டை எடுத்துவிட்டுக் கூண்டின் கதவுக்கு வெளியே ஒரு பூட்டுப் போட்டேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

அதற்கு அந்த நாலு பேரும் என்னோடு போட்ட சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். சரக்கு சொகமாகக் கூண்டில் போகிறது, நாங்கள் மூன்று மாடி மூச்சு வாங்கி ஏறி, அதை இறக்கிவிட்டு மறுபடி இறங்கி வர வேண்டுமா என்றார்கள். புதுக் கயிறு வந்த பிறகும் என்ன பயம் என்றார்கள். விருமாண்டி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குப் படிக்கட்டு மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மில் முழுக்கப் பரவி, என் கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கும் தெரிந்துபோயிற்று.

புதுக் கயிறு விஞ்சில் தானாகவே ஒழுங்காகச் சுற்றிக்கொண்டதால் விருமாண்டியும் அவர்களோடு மேலேதான். அந்த மில்லில் அவர்கள் வேலை பார்த்தவரை தினமும் காலை முதல் சரக்குக்குப் படியேறும்போது என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள். முதலில் விருமாண்டியின் தொண்டை, பிறகு அடுத்தவர், பிறகு அடுத்தவர். கடைசியாக ஏறுகிறவருக்கு இளைப்பு, அவர் பாதிப் படியில் நின்றுதான் திட்டுவார். நான் கீழே டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நாலாவது திட்டும் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.